‘உடைக்கவே முடியாத’ கைப்பேசி: லோயாட் பிளாசாவில் ஒரு கொள்முதல்

எங்கள் அலுவலகத்துக்கென்று கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் ஒரு கைப்பேசி வாங்கினோம். ஒருவர் பயன்படுத்திக் கைமாறி வந்த கூகுள் பிக்சல் 8ஏ. வழக்கமான ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக கிராஃபீன்ஓஎஸ் என்னும் இயங்குதளம் அதில் ஏற்றப்பட்டிருந்தது. விலை 1,650 ரிங்கிட். கருவியைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. அதை விற்ற கடையின் பேச்சைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இந்த வகைக் கைப்பேசியைப் பற்றி நம்மவர்கள் சிலர் என்னிடம் விசாரிக்கத் தொடங்கியிருப்பதால் இரண்டையும் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் குடும்ப வழக்குக்காரர்கள். மற்றவர்கள், தடுப்புக் காவலில் இருக்கும் மகனையோ தம்பியையோ பற்றிக் கேட்க வருகிறவர்கள். காயத்தின் படம், போலீஸ் புகாரின் நகல், அடையாள அட்டையின் இரு பக்கங்கள், வங்கிக் கணக்கறிக்கை, சில வேளைகளில் கணவன் அனுப்பிய மிரட்டல் குரல்பதிவு என எல்லாமே புலனம் (வாட்ஸ்அப்) வழியாகத்தான் வந்து சேரும். கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவருடைய ஒப்புதலின்றி வழக்கறிஞர் வெளியிடக்கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. அடுத்த பிரிவு, அந்தக் கட்டுப்பாட்டைக் குமாஸ்தாக்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் விதிக்கிறது. அப்படியிருக்க, என் சொந்தக் கைப்பேசியில் அக்கா மகளின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே ஒரு பெண்ணின் காயப் படம் கிடப்பதை எங்கள் மூத்த வழக்கறிஞர் இனியும் பொறுப்பதாக இல்லை.

நாங்கள் போன கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு வகைக் கைப்பேசிகள் இருந்தன. ஒன்று, நாங்கள் வாங்கிய பிக்சல். மற்றொன்று, நான் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் ‘என்கிரிப்டட்’ கைப்பேசி, அதாவது செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கி அனுப்புவது. ஆறு மாதச் சந்தாவுடன் 4,800 ரிங்கிட். கடையில் நின்ற தம்பி இரண்டாவதைத்தான் எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். “அக்கா, இது போலீஸ்கிட்ட மாட்டினாகூட ஒண்ணும் எடுக்க முடியாது. கேமரா இல்ல, ஜிபிஎஸ் இல்ல. பெரிய பெரிய ஆளுங்கதான் வாங்குறாங்க,” என்றார். செய்திகள் யாருடைய சர்வர் வழியாகப் போகின்றன என்று கேட்டதற்கு, “ஓவர்சீஸ்க்கா, ரொம்ப சேஃப்,” என்பதோடு முடித்துக்கொண்டார்.

பெரிய ஆட்கள் வாங்கிய அத்தகைய கைப்பேசிகளுக்கு என்ன நேர்ந்தது என்பது ஐரோப்பிய நீதிமன்றங்களில் வண்டி வண்டியாகப் பதிவாகிக் கிடக்கிறது. என்க்ரோசாட் என்ற சேவைக்கு உலகெங்கும் ஏறத்தாழ 60,000 பேர் சந்தா கட்டியிருந்தனர். ஆறு மாதத்துக்கு 1,500 பவுண்டு வரை அதன் விலை. கேமராவும் மைக்கும் ஜிபிஎஸ்ஸும் நீக்கப்பட்ட கைப்பேசி, தானாக அழியும் செய்திகள், அவசரத்துக்கு அனைத்தையும் துடைத்துவிடும் ஒரு தனி எண் என்று அதற்கும் இதே விளம்பரம்தான். ஆனால் அதன் சர்வர் பிரான்ஸின் ரூபே நகரில் இருந்தது. பிரெஞ்சுக் காவல்துறையினர் 2020ஆம் ஆண்டில் அந்தச் சர்வர் வழியாகவே ஒவ்வொரு கைப்பேசிக்கும் உளவு மென்பொருள் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். மறைகுறியாக்கத்தின் கணக்கை யாரும் உடைக்கவில்லை. செய்தி பூட்டப்படுவதற்கு முன்பே கைப்பேசிக்குள்ளிருந்து படியெடுக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 13ஆம் தேதி, கருவியை அணைத்துத் தூக்கியெறிந்துவிடுமாறு நிறுவனமே வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பியது. அதற்குள் அள்ள வேண்டியதை அள்ளிவிட்டார்கள். இதன் தொடர்பில் உலகளவில் 6,558 பேர் கைதானதாக 2023இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் அறிவித்தது.

அடுத்து 2021 மார்ச்சில் ஸ்கை ஈசிசி விழுந்தது; கனடாவைத் தளமாகக் கொண்ட அந்தச் சேவைக்கு ஏறத்தாழ 170,000 பயனர்கள். அதே ஆண்டு ஜூனில் வெளிவந்த அனோம் கதை இன்னும் விசித்திரமானது. பேன்டம் செக்யூர் என்ற நிறுவனம் 2018இல் பிடிபட்ட பிறகு, அந்தத் தொழிலில் இருந்த ஒருவர் தாம் உருவாக்கிக்கொண்டிருந்த புதிய கைப்பேசியை அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் ஒப்படைத்தார். எஃப்பிஐயும் ஆஸ்திரேலியக் காவல்துறையும் சேர்ந்து அதைக் குற்றக் கும்பல்களுக்குள் பரவவிட்டன. கால்குலேட்டர் போலத் தோன்றும் செயலிக்குள் ஒளிந்திருந்த அந்தச் செய்தித் தளத்தில் அனுப்பப்பட்ட ஒவ்வொரு செய்தியின் படியும் காவல்துறைக்குப் போயிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் 12,000 கருவிகள், 2 கோடியே 70 லட்சம் செய்திகள், 800க்கும் அதிகமான கைதுகள். காசு கொடுத்துப் போலீஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்களை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

ஆகவே, லோயாட் தம்பி காட்டிய அந்த 4,800 ரிங்கிட் கைப்பேசியின் குறை அதன் விலையன்று. நிறுவனம் ஒன்று, சர்வர் ஒன்று, வாடிக்கையாளர் அனைவரும் ஒளிந்துகொள்ள விரும்புகிறவர்கள் என்றால், காவல்துறைக்கு அதைவிட வசதியான இலக்கு வேறு கிடைக்காது. அதற்குள் மென்பொருள் என்ன செய்கிறது என்பதை வாங்குபவர் பார்த்துச் சரிபார்க்க வழியும் கிடையாது. இதை வாங்க வேண்டாம் என்று நேராகவே சொல்கிறேன்.

கிராஃபீன்ஓஎஸ் வேறு வகையைச் சேர்ந்தது. அதற்குச் சந்தா இல்லை, தனிச் செய்திச் சேவை இல்லை, விற்பதற்குக் கைப்பேசியும் இல்லை. மூலநிரல் திறந்து வைக்கப்பட்டிருப்பதால் அறிந்தவர்கள் படித்துக் குறை கண்டுபிடிக்கலாம், கண்டுபிடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். யாரும் இலவசமாக இறக்கி பிக்சலில் ஏற்றிக்கொள்ளலாம். குரோம் போன்ற குரோமியம் வகை உலாவி உள்ள ஒரு கணினியும் நல்ல யூஎஸ்பி கம்பியும் இருந்தால் அரை மணி நேர வேலை. கடைக்காரர் இதற்கென்று 300 ரிங்கிட் சேர்த்து வாங்குகிறார். செய்துகொடுக்கும் வேலைக்குக் கூலி வாங்குவதில் தவறில்லை என்றாலும், முன்பின் தெரியாத ஒருவர் ஏற்றிய இயங்குதளத்தை அப்படியே நம்பிப் பயன்படுத்துவதில் பொருளே இல்லை.

அதை எப்படிச் சரிபார்ப்பது? கருவியை இயக்கியதும் கரிய திரையில் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறியும், வேறொரு இயங்குதளம் ஏற்றப்படுகிறது என்ற வாசகமும், அதன் கீழே எண்களும் எழுத்துகளும் கலந்த நீண்ட குறியீடு ஒன்றும் தோன்றும். அந்தக் குறியீடு, கிராஃபீன்ஓஎஸ் தன் அதிகாரபூர்வப் பக்கத்தில் அந்த மாடலுக்கென வெளியிட்டிருக்கும் குறியீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நான் கடையிலேயே என் பழைய கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, இரண்டையும் அருகருகே பிடித்து, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். “அது சும்மா வரும்க்கா, கண்டுக்காதீங்க,” என்றார் தம்பி. ஒத்துத்தான் போயிற்று. ஆயினும் கடைக்காரர் தம் விருப்பத்துக்கு ஏற்றிவைத்திருந்த சில செயலிகள் உள்ளே இருந்தன. அலுவலகத்துக்கு வந்ததும் முழுவதையும் அழித்துவிட்டு நாங்களே புதிதாக ஏற்றிக்கொண்டோம்.

இனி அன்றாடப் பயன்பாடு. எங்கள் வேலைக்கு மிகவும் உதவியது, ஒவ்வொரு செயலியும் எதைப் பார்க்கலாம் என்று தனித்தனியாக வரையறுக்கும் வசதி. சாதாரணக் கைப்பேசியில் ஒரு செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது முறைத்துக்கொண்டு நிற்கும். இதில் ‘கொடுத்துவிட்டேன்’ என்று செயலியை நம்பவைத்து, நாம் தேர்ந்தெடுத்த இரண்டு பெயர்களை மட்டும் காட்டலாம். ஒன்றுமே காட்டாமலும் விடலாம். எங்கள் கட்சிக்காரர்களின் பெயர்ப் பட்டியல் இப்போது எந்த நிறுவனத்துக்கும் போவதில்லை. செயலிகளுக்கு இணைய இணைப்பையே தடுக்கும் பொத்தானும் உண்டு. ஸ்கேனர் செயலிக்கு இணையம் எதற்கு? திரை பூட்டியிருக்கும்போது யூஎஸ்பி துளை மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படும். பதினெட்டு மணி நேரம் யாரும் திறக்காமல் விட்டால் கருவி தானாக அணைந்து மீண்டும் இயங்கும்; அதன்பின் கடவுச்சொல் போடும்வரை உள்ளிருக்கும் தரவு பூட்டிய நிலையிலேயே இருக்கும். பிக்சல் 8ஏக்கு ஏழாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு என்பதால் 2031 வரை ஓடும்.

தொல்லைகளும் உண்டு. கூகுள் வாலட் மூலம் கைப்பேசியைத் தொட்டுப் பணம் செலுத்துவது இதில் இயலாது. நாங்கள் பயன்படுத்தும் இரண்டு வங்கிச் செயலிகளில் ஒன்று, அமைப்புகளுக்குள் போய் ஒரு பாதுகாப்பைத் தளர்த்திய பிறகு திறந்தது. மற்றொன்று, கருவி பாதுகாப்பற்றது என்று சொல்லி மூடிக்கொண்டது. நாட்டிலேயே கெட்டியாகப் பூட்டப்பட்ட கைப்பேசிகளில் ஒன்றைப் பார்த்து அது அப்படிச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் அலுவலகக் கணக்கரால் சிரிக்க முடியவில்லை. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் அறிவித்த மோசடித் தடுப்பு நடவடிக்கைகளின்படி, வங்கிகள் குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிட்டுச் செயலி வழி ஒப்புதலுக்கு மாறின. ஒரு கணக்குக்கு ஒரே கைப்பேசி என்ற விதியும் வந்தது. எனவே செயலி திறக்காவிட்டால் பணமாற்றமே நடக்காது. வங்கி வேலையைப் பழைய கைப்பேசியிலேயே விட்டுவிட்டோம்.

வாங்குபவர்கள் கடையிலேயே சிம் அட்டையைப் போட்டு ஓர் அழைப்பைச் செய்து பார்க்க வேண்டும். நம் நாட்டில் 3ஜி அலைவரிசை 2021 இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. 4ஜி வழிக் குரல் அழைப்பு அந்தக் கருவியில் வேலை செய்யாவிட்டால் அழைப்பு 2ஜிக்கு இறங்கிவிடும். போலிக் கோபுரக் கருவியைக் காரில் வைத்துக்கொண்டு மோசடிக் குறுஞ்செய்தி தூவும் கும்பல்களுக்குத் தோதானது இந்த 2ஜிதான். கிராஃபீன்ஓஎஸ் 4ஜியை மட்டுமே பயன்படுத்தும்படி பூட்டும் வசதியைத் தருகிறது, ஆனால் குரல் அழைப்பு 4ஜியில் ஓடினால்தான் அதனால் பயன். இன்னொன்று: அதிகாரபூர்வ விற்பனையாளர் வழியாக வராமல் தனியாக இறக்குமதியாகும் ‘ஏபி செட்’ வாங்குவதானால், அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்துக்கென விற்கப்பட்ட பிக்சலாக அது இருந்துவிடக் கூடாது. அதன் பூட்லோடரை, அதாவது இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் நிரலை, பூட்டுத் திறக்கவே முடியாது. வேறு இயங்குதளம் ஏற்றும் எண்ணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

கடைக்காரர் மிகுந்த பெருமையோடு காட்டியது ‘டியூரெஸ் பின்’ என்ற வசதி. வழக்கமான எண்ணுக்குப் பதிலாக நாம் முன்பே குறித்துவைத்த வேறோர் எண்ணை அழுத்தினால் கைப்பேசியில் உள்ள அனைத்தும் மீட்க முடியாதபடி அழிந்துபோகும். “ரோட்பிளாக்ல போலீஸ் ஃபோனக் கேட்டா இதப் போட்டுக் குடுத்திருங்க,” என்றார். இதை நம்பி ஏதேனும் ஓர் இளைஞன் செய்துவைத்தால் அவனுடைய தாயார் மறுநாள் எங்கள் அலுவலக வாசலில் நிற்பார் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவின்படி, சட்டப்படி சோதனை நடத்தும் காவல் அதிகாரிக்குக் கணினித் தரவைத் திறந்துகாட்ட வேண்டும். கடவுச்சொல்லும் மறைவிலக்கக் குறியீடும் அதில் அடக்கம். விசாரணையின் நடுவே சான்றை அழிப்பது தண்டனைச் சட்டத்தின் 201, 204ஆம் பிரிவுகளின் கீழ் தனிக் குற்றமாகக்கூடும். உள்ளே ஒன்றுமே இல்லாதவன்கூட அதன் பிறகு சான்றை அழித்தவனாக நிற்க நேரும். கத்தியைக் காட்டி மிரட்டும் திருடனிடமும், துன்புறுத்தும் கணவனிடமும் இந்த வசதிக்கு வேலை இருக்கிறது. சாலைத் தடுப்பில் இல்லை.

அப்படியானால் இத்தகைய கைப்பேசி குற்றவாளிகளின் கருவிதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஒருவர் கையில் பிக்சலைக் கண்டாலே போதைப்பொருள் கடத்துகிறவராக இருக்கலாம் எனக் காவலர்கள் கருதுவதாக 2025இல் செய்தி வந்தது. அந்த அச்சத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. என்க்ரோசாட் செய்திகளைப் பின்தொடர்ந்துதான் 2020இல் நெதர்லாந்துக் காவல்துறை ஏழு கப்பல் கொள்கலன்களைக் கண்டுபிடித்தது. அவற்றில் ஒன்றில், ஆட்களைக் கட்டிவைத்து வதைப்பதற்கென்று பல் மருத்துவர் நாற்காலி ஒன்று தரையோடு பொருத்தப்பட்டிருந்தது. பிரிட்டனில் உயிருக்கு ஆபத்தான இருநூறுக்கும் மேற்பட்ட மிரட்டல்களைத் தடுத்ததாக அந்நாட்டுத் தேசியக் குற்றவியல் முகமை கூறியது. அந்த உயிர்களைவிட யாருடைய அந்தரங்கமும் பெரிதென்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அங்கே நடந்த முறையையும் பார்க்க வேண்டும். ஒரு சேவையைப் பயன்படுத்திய எல்லோருடைய செய்திகளும் ஒரே வீச்சில் அள்ளப்பட்டன. யார் மீது என்ன சந்தேகம் என்பது பிறகுதான் பிரித்துப் பார்க்கப்பட்டது. இங்கிலாந்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் அந்தச் சான்றுகளை ஏற்றதற்குக் காரணம், செய்தி வழியில் மறிக்கப்படவில்லை, கைப்பேசியில் சேமிப்பில் இருந்தபோதுதான் எடுக்கப்பட்டது என்ற சட்ட நுணுக்கம். இவ்வளவு பெரிய உரிமை அவ்வளவு மெல்லிய வேறுபாட்டில் நிற்பது எனக்கு உவப்பாயில்லை. ஆனாலும் அங்கே நீதிபதிகள் அதை எடைபோட்டார்கள். நம் நாட்டில் சொஸ்மா எனப்படும் 2012ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தின் 6ஆம் பிரிவு, தகவல் தொடர்பை இடைமறிக்கும் அனுமதியை அரசு வழக்குரைஞரிடமே விட்டிருக்கிறது. அவசரமென்றால் சூப்பரிண்டெண்டன் தகுதிக்குக் குறையாத காவல் அதிகாரி அந்த அனுமதியும் இல்லாமல் தொடங்கலாம். எந்தக் கட்டத்திலும் நீதிபதியின் முன் போக வேண்டியதில்லை.

அந்தரங்க உரிமை என்று ஒரு தனி வரி மலேசிய அரசமைப்பில் கிடையாது. சிவராசா ராசையா வழக்கில் 2010 வாக்கில் தீர்ப்பளித்த கூட்டரசு நீதிமன்றம், 5ஆம் பிரிவு கூறும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். இந்தியாவில் ஒன்பது நீதிபதிகள் கூடி புட்டசாமி வழக்கில் இதை அடிப்படை உரிமை என்று அறிவித்தது 2017இல்தான். ஆனால் நம் தீர்ப்பு ஒரு வாக்கியமாக நிற்கிறதே தவிர, அதைச் சுற்றி நடைமுறைப் பாதுகாப்பு பெரிதாக எழும்பவில்லை. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள் மட்டும் என்ன செய்துவிட்டார்கள்? 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள், சந்தாதாரர்களின் முகவரியோடும் சிம் அட்டை, கருவி எண்களோடும் கசிந்து விற்பனைக்கு வந்த செய்தி 2017 அக்டோபரில் வெளியானது. மக்கள்தொகையைவிட அதிகமான எண்கள். இந்தக் கைப்பேசியை வாங்குவதற்கு ஒருவர் குற்றவாளியாக இருக்கத் தேவையில்லை; மலேசியாவில் சிம் அட்டை வைத்திருந்தாலே போதும்.

இது எதை மறைக்காது என்பதையும் கடைக்காரர் சொல்லமாட்டார். சிம் அட்டை நம் அடையாள அட்டையின் பெயரில்தான் இருக்கிறது. எந்தக் கோபுரத்தின் அருகில் இருந்தோம், யாரை எப்போது அழைத்தோம் என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும். டெலிகிராமில் சாதாரண உரையாடல்கள் முழுமையாக மறைகுறியாக்கப்படுவதில்லை. ‘ரகசிய உரையாடல்’ என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு. புலனத்தில் செய்திகள் பூட்டப்பட்டிருந்தாலும், மறுமுனையில் இருப்பவர் மேகத்தில் (இணையச் சேமிப்பகத்தில்) வைக்கும் காப்புப் படி தானாகவே பூட்டப்படுவதில்லை, அவர்தான் அதைத் தெரிவுசெய்ய வேண்டும். நாங்கள் சிக்னல் என்ற செய்திச் செயலிக்கு மாறினோம். அமெரிக்காவில் 2016இல் நீதிமன்ற ஆணை வந்தபோது, கணக்கு தொடங்கிய நாளையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர ஒப்படைக்க அதனிடம் வேறொன்றும் இருக்கவில்லை. கட்சிக்காரர்களில் இளையவர்கள் உடனே மாறிக்கொண்டார்கள். வயதான அம்மாமார்கள் இன்னும் புலனத்தில்தான் படம் அனுப்புகிறார்கள். அதையும் இதே கைப்பேசியில் பெற்று, கோப்பில் சேர்த்தவுடன் அழித்துவிடுகிறோம்.

கடையைப் பற்றி இரண்டு சொல். விலையைக் குறைத்துத் தந்தார்கள், பேச்சில் மரியாதை இருந்தது, ஒரு மாத உத்தரவாதம் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் ரசீதில் ‘பயன்படுத்திய கைப்பேசி’ என்று மட்டும் இருந்தது. இயங்குதளம் மாற்றியதைக் குறிக்கச் சொன்னபோது மழுப்பினார்கள், வற்புறுத்திய பிறகே எழுதினார்கள். இரண்டாவது கைப்பேசிக்கு அந்தக் கடைக்குப் போவதாக இல்லை. மலேசியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படும் புதிய பிக்சலை உத்தரவாதத்தோடு வாங்கி, கிராஃபீன்ஓஎஸ்ஸை நாங்களே ஏற்றிக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது.